என்ன படம் என்று சொல்லுங்கள், கேமராவை அப்புறம் பார்க்கலாம்

காலத்துக்கும் நிற்கிற படம் எடுக்கக் கேமரா எவ்வளவு முக்கியம்? இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: விருதுநகரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. "ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) இல்லாமல் நீ எடுப்பதெல்லாம் நாலு நாளில் மறந்துபோகிற படம்" என்கிறான் நண்பன். என் ஆசிரியரோ, "கேமரா முக்கியமே இல்லை, கண்தான் முக்கியம்" என்கிறார். காலத்துக்கும் நிற்கிற படம் எடுக்கக் கருவி முக்கியமா, இல்லையா?
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"கேமரா முக்கியமே இல்லை" என்பது நல்ல கேமரா கையில் இருப்பவர்களுக்கு எளிதாக வந்துவிடுகிற பேச்சு. இல்லாதவரிடம் போய் அதைச் சொல்வது எனக்குப் பிடிப்பதே இல்லை. எந்தப் படத்தை எடுக்க முடியும், எதை எடுக்கவே முடியாது என்று முதலில் கோடு போடுவது கருவிதான். ஆனால் அந்தக் கோட்டுக்குள் நின்று நீங்கள் எடுத்த படம் ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவரை நிறுத்திப் பார்க்க வைக்குமா என்பதில் அதன் விலைக்குப் பங்கு கிடையாது. உங்கள் நண்பர் தவறுவது இந்த இடத்தில்.

1838-இல் பாரிஸில், போட்டோ முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூயி டாகேர் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து கீழே இருந்த அகலமான சாலையைப் படம் எடுத்தார். பகல் வேளை, ஆளும் வண்டியுமாக நடமாட்டம் இருந்த சாலை. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதிகிற தகடு ஒளியை வாங்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் பிடித்ததால், நடந்துபோனவர்கள் யாருமே பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். மனித உருவம் பதிந்த முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்றைய போனில் அதே தெருவை எடுத்திருந்தால் கூட்டமே விழுந்திருக்கும், அந்த ஒருவரை யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டோம். கருவி மெதுவாக இருந்ததால்தான் அந்தப் படம் அப்படி ஆனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நான் தஞ்சாவூர்க்காரி. 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி வந்தார். பெரிய மரக் கேமரா, நெகட்டிவுக்கு மெழுகு ஏற்றிய காகிதம். கண்ணாடித் தகடு முறை அப்போதே வந்துவிட்டது, அதில் படம் இன்னும் கூர்மையாக விழும். ஆனால் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். நம் வெயிலில் அது எவ்வளவு நேரம் காயாமல் இருக்கும்? மெழுகுக் காகிதத்தை முன்னதாகவே தயார் செய்து கையோடு கொண்டுபோகலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் தோது. கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வேலை நடக்க வேண்டும்.

அந்தக் காலத்து நெகட்டிவ் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும். ஆகவே வானம் வெள்ளைப் பாழாகிவிடும். ட்ரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களைக் கொண்டுவந்தார், மரங்களின் இலைகளைத் திருத்தினார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் சுற்றி ஓடுகிற கல்வெட்டு ஒரு படத்தில் அடங்காது என்று தெரிந்ததும், பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து எடுத்து, 21 பிரிண்டுகளைச் சேர்த்து ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்று போனைப் பிடித்துக்கொண்டு திரும்பினாலே பனோரமா வந்துவிடுகிறது. ஆனால் ட்ரைப்பின் படத்தில் ஒரு துண்டு இன்னொன்றோடு சேர்கிற இடங்களைப் பாருங்கள். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நகர வேண்டும் என்று அளந்து அளந்து செய்த உழைப்பு தெரியும். 1859-இல் புதிதாக வந்த கவர்னர் ட்ரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். போட்டோவுக்குக் காசு அதிகம் என்ற பேச்சு அன்றைக்கே இருந்திருக்கிறது.

இனி உங்கள் கேமராவுக்கு வருவோம். பழைய பாடியாக (லென்ஸ் நீங்கலான கேமரா) இருந்தாலும் 24 மெகாபிக்சல் இருந்தால், 20-க்கு 13 அங்குல அளவில் கூர்மை குறையாமல் பிரிண்ட் போடலாம். வீட்டுச் சுவருக்கும் கல்லூரிக் கண்காட்சிக்கும் அது தாராளம். காலை எட்டு மணி வெயிலில், எஃப் 8-இல் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு இது, எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்) வைத்து உங்கள் 18-55 எடுக்கிற படத்தையும் விலையுயர்ந்த லென்ஸ் எடுக்கிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்தால் எது எது என்று சொல்ல எனக்கே சிரமமாக இருக்கும். அந்த லென்ஸ் தடுமாறுவது இருட்டில். ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்குப் போய்விடும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைக்கிறது. உங்களுக்கு உள்ளறையில், விளக்கு வெளிச்சத்தில் முகங்களை எடுக்க ஆசையிருந்தால் காசு சேர்த்து அதை வாங்குங்கள். கோபுரமும் வயல்வெளியும்தான் விருப்பம் என்றால் அது தேவையே இல்லை, அந்தக் காசுக்கு நல்ல டிரைபாட் வாங்குங்கள். என்ன படம் எடுக்கப் போகிறீர்கள் என்பது தெரியாமல் என்ன கேமரா வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இருக்கிற கருவியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1941 நவம்பர் 1 மாலை, அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்த போட்டோகிராபர் ஆன்செல் ஆடம்ஸ், கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயிலும் மேலே நிலவும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தார். 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய கேமராவை அவசர அவசரமாக எடுத்து நிறுத்தினார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷர் (எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்ற கணக்கு) போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்க ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் விதவிதமாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஊரில் மிளகாய் வத்தல், பருப்பு, எண்ணெய் என்று மண்டிக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே தினமும் விடிகாலையில் போய் நில்லுங்கள். மூட்டை பிரிக்கும்போது கிளம்புகிற தூசியில் வெயில் விழுகிற நேரம் எது என்று ஒரு மாதத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு உங்கள் கேமரா போதும்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான். பத்திரிகைகளில் எல்லாரும் கலை பற்றியே எழுதுகிறீர்கள். பெண் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது கேமரா மாடலைத்தான். ஈஎம்ஐ போட்டு இரண்டு மிரர்லெஸ் வாங்கியிருக்கிறேன். அது வீண் செலவா?
(ஈரோடு)

பதில்: வீண் செலவே இல்லை. உங்கள் தொழிலில் கருவி முதல் வரிசையில் நிற்கிறது. விடிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் பாதி மஞ்சள் விளக்கு, பாதி எல்இடி, ஹோமப் புகை. கெட்டிமேளம் முழங்கி மூன்று முடிச்சு விழுகிற சில விநாடிகளுக்குள் அட்சதை பறக்கிறது, குறுக்கே யாரோ போனை நீட்டுகிறார்கள். "ஒருமுறை திரும்பக் கட்டுங்கள்" என்று கேட்க முடியுமா? இருட்டில் ஃபோகஸ் பிடிக்கிற பாடி, எஃப் 2.8 லென்ஸ், இரண்டு கார்டு போடுகிற வசதி, பழுதானால் கைமாற்ற இன்னொரு பாடி, இவை எல்லாம் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் காட்டுகிற மரியாதை.

1946-இல் லைஃப் பத்திரிகைக்காகக் காந்தியை ராட்டையோடு எடுக்கப் போன மார்கரெட் போர்க்-ஒயிட்டுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வா என்றார்கள், கற்றுக்கொண்டார். அறை இருட்டு. ஒருமுறை மட்டுமே எரிகிற ஃப்ளாஷ் பல்புகளில் மூன்றுக்கு மட்டும் அனுமதி. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவது கைகொடுத்தது. ராட்டை முன்னால், பின்னால் தரையில் உட்கார்ந்து படிக்கிற காந்தி, ஜன்னலிலிருந்து ஒளி. இன்று அவரை நினைத்தால் பலர் மனதில் வருவது அந்தப் படம்தான். அந்த மூன்றாவது பல்பும் எரியாமல் போயிருந்தால் கண், கலை எல்லாம் இருந்தும் என்ன செய்திருக்க முடியும்?

மண்டபத்தில் ஒன்று கவனியுங்கள். சத்தமே வராத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். முகூர்த்த நேரத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். நாதஸ்வரத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காது.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் கேமரா இல்லை, போன் மட்டும்தான். தொண்ணூறை நெருங்கும் என் அம்மம்மாவை நாள்தோறும் படம் எடுத்து வருகிறேன். போனில் எடுத்ததை யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார்கள். இவை நிலைக்கக்கூடிய படங்களா?
(வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் தீவில் வாழ்ந்து இறந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது, 1863-இல், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்ததுதான் அவருடைய முதல் கேமரா. ஈரக் கண்ணாடித் தகட்டு முறை. எதிரில் உட்கார்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவருடைய லென்ஸில் கண் தெளிந்தால் காது மங்கும். தகடுகளில் தூசி, கீறல், கைரேகைகூட இருக்கும். ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் அவரைக் கடிந்தார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸை நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்துகிற கூர்மைக்கு அதைத் திருகிக்கொண்டு போகவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். 1867-இல் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலை அவர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். இருட்டிலிருந்து வெளியே வருகிற நரைத்த முடி, எதையோ பார்த்துக் களைத்த கண்கள். அந்த முகத்தில் இருக்கிற உயிருக்கு முன்னால் கூர்மை பற்றிய பேச்சு எனக்கு நினைவுக்கே வருவதில்லை.

1875-இல் அவர் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் எடுத்தார். 1879-இல் அங்கேயே காலமானார். அந்தக் கடைசிக்காலப் படங்களில் இருக்கிற மனிதர்கள் பெரும்பாலோரின் பெயர்கள் தெரியவில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம். நீங்கள் எடுக்கிற படத்தில் அம்மம்மாவின் பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கும். ஒரு பேத்தி எடுத்தாள் என்பதும் இருக்கும். எந்தப் பெரிய கேமராவும் அந்த இடத்துக்குள் வர முடியாது.

போனைப் பற்றிச் சில சொல்கிறேன். போன் தானாகவே பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலை வெளுக்க வைத்து, தோலை வழவழப்பாக்கிவிடும். முகத்தை அழகாக்கும் வசதி எங்கே இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். அம்மம்மாவின் சுருக்கம் ஒன்றுகூடப் போகக் கூடாது. முடிந்தால் ரா ஃபைலாகவும் (போன் மெருகேற்றாத மூலப் பதிவு) சேமியுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நீங்களே கிட்டப் போங்கள், ஆனால் முகத்துக்கு மிக நெருக்கமாகப் போனால் மூக்கு பெரிதாகிவிடும். வாசற்படி அருகே, வெயில் நேராகப் படாத இடத்தில் உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் அட்டையையோ யாராவது பிடித்துக்கொண்டால் போதும். சினிமா ஷூட்டிங்கிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள்.

எங்கள் அப்பாவின் ஸ்டூடியோவில் ஒரு பழைய மரக் கேமரா இருந்தது. அதற்கு ஷட்டரே கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்துவிட்டு வெளியே வந்து, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, வாய்க்குள் எண்ணி, திரும்ப மூடுவார். எண்ணுகிற நேரம் முழுக்க எதிரில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போனில் எடுக்கும்போதும் அதைச் செய்யலாம். போனைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுங்கள்.

12 மெகாபிக்சல் போன் படத்தை 13-க்கு 10 அங்குலம் வரை நன்றாகப் பிரிண்ட் போடலாம். மாதத்துக்கு ஒன்றாவது பிரிண்ட் போட்டு அவரிடமே காட்டுங்கள்.

கேள்வி: மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வசதி இருக்கிறது. லைக்கா வாங்கினால் கார்ட்டியே-ப்ரெஸான் மாதிரி எடுக்க முடியுமா?
(கோயம்புத்தூர்)

பதில்: வாங்குங்கள் ஐயா. நன்றாகச் செய்த ஒரு பொருளைக் கையில் வைத்து மகிழ்வதில் தப்பே இல்லை. ஆனால் பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸான் 1930-களின் தொடக்கத்தில் லைக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அது சின்னது, சத்தம் போடாதது, பையில் அடங்குவது. பளபளக்கிற பாகங்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். யாரும் அதைக் கவனிக்கக் கூடாது என்பதுதான் அவருக்கு முக்கியம். பெரும்பாலும் ஒரே 50 எம்எம் லென்ஸ். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அங்கேயே இருந்தார். கார்ட்டியே-ப்ரெஸான் அங்கே இருந்தார் என்பதால்தான் அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்தன. நீங்கள் வாங்கும் லைக்காவுக்கும் ஒரே ஒரு லென்ஸ் வாங்கி, ஒரு வருஷம் வேறு எதையும் மாட்டாமல் பாருங்கள்.

கேள்வி: முதலில் எதற்குச் செலவழிக்கலாம், பாடிக்கா லென்ஸுக்கா?
(தேனி)

பதில்: லென்ஸுக்கு. பாடி சில வருஷங்களில் பழையதாகிவிடும், நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டுகிற வாய்) பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தை நடத்திய ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள் இரண்டு தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. சிலவற்றில் புளித்த வாடை வருகிறது. 1980-களின் கலர் பிரிண்டுகள் எல்லாம் செம்மை பூத்துவிட்டன. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, நிலைத்து நிற்பது என்ற பேச்சில் உங்கள் கடிதம்தான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. எல்லாரும் எடுக்கிற கருவியைப் பற்றியே பேசுகிறோம், காப்பாற்றுகிற வேலையைப் பேசுவதே இல்லை.

கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படமாக நிற்பது வெள்ளி உலோகம். ஹைப்போவில் (படத்தை நிலைப்படுத்துகிற ரசாயனம்) சரியாக ஊறவைத்து, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவியிருந்தால் நூறு வருஷத்துக்கு மேல் தாங்கும். உங்கள் தந்தையார் கழுவுவதில் சோம்பல் படவில்லை என்பதற்கு அந்தப் பிரிண்டுகளே அத்தாட்சி. கலர் பிரிண்டில் இருப்பது சாயம். வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் இருந்தாலும் அந்தக் காலத்துச் சாயங்கள் மங்கும். எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் மங்காது, அதனால்தான் மிச்சம் இருக்கிற சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது.

புளித்த வாடை வருகிற நெகட்டிவ்களை இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வருகிற வாடை அது, மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். முதலில் நகல் எடுக்க வேண்டியதும் அவற்றைத்தான். ஸ்கேனர் இல்லாவிட்டால், எல்இடி லைட் பேடு மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, மேலே டிரைபாடில் மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் ஃபோகஸ் ஆகிற லென்ஸ்) போட்ட கேமராவை நேர் கீழாகப் பார்க்க வைத்து எடுக்கலாம். மேலே சொன்ன விருதுநகர்த் தம்பியின் பழைய கேமராவே இதற்குப் போதும், லென்ஸை மட்டும் மாற்ற வேண்டும்.

மீதியைத் தகரப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். பாலிதீன் பையும் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். அமிலம் இல்லாத காகித உறைகள், ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல், வீட்டிலேயே வெக்கை குறைவான அலமாரி. உங்கள் ஊர் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நாப்தலீன் உருண்டை போடாதீர்கள். நகல்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நகல் எடுத்தாயிற்று என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது.

படத்தில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டு உறையின் மேல் எழுதுங்கள். நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்பே, பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் மை ஊறும்.